கால் மாறி ஆட விடுங்கள்

தீபாவளிக்கு ஒரு வாரம் இருந்தபோது பேத்திக்குப் பாவாடை சட்டை எடுக்க விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக் கடைக்குப் போயிருந்தேன். துணி எடுத்துக் காட்டிய அம்மாவுக்கு நாற்பது, நாற்பத்திரண்டு வயது இருக்கும். காலில் செருப்பு இல்லை. பளபளவென்று கிரானைட் தரை. ஒரு காலை ஊன்றுவதும், அதை எடுத்து மறு காலை ஊன்றுவதும், முன்பாதம் தரையில் படாமல் குதிகாலிலேயே நிற்பதுமாக இருந்தார். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. பதினைந்து வருடம் நானும் அப்படித்தான் நின்றேன்.

"கால் வலியாம்மா?" என்றேன்.

"அதெல்லாம் இல்லீங்கய்யா" என்றவர், சற்றுப் பொறுத்து, "ரெண்டு வருஷமா வாதம்யா. காலையில எந்திரிச்சா தரையில கால வைக்க முடியல" என்றார்.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்ல. ஒக்காந்து எடுத்துக் காட்டும்மா."

அவர் மேலே கேமராவைப் பார்த்தார், சிரித்தார். பின்னால் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன் மேல் சேலைப் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். "அது ஆபீசருங்க வந்தா காட்டுறதுக்குய்யா" என்றார்.

பாவாடை சட்டை எடுத்து வந்துவிட்டேன். மனசுதான் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நான் அரசு மருத்துவமனையில் மருந்தாளுநராக இருந்து 2011-ல் ஓய்வு பெற்றவன் என்பது இதைப் படிக்கிற உங்களில் பலருக்குத் தெரியும். காலை ஏழரை மணிக்கு மருந்து ஜன்னலைத் திறந்தால் பன்னிரண்டு வரைக்கும் வரிசை குறையாது. ஜன்னல் நெஞ்சு உயரத்தில் இருக்கும். சாதாரண நாற்காலியில் உட்கார்ந்தால் நோயாளியின் முகமே தெரியாது. ஆகவே நின்றுதான் கொடுக்க வேண்டும். 1996-ல், என் நாற்பத்து மூன்றாவது வயதில், முடக்குவாதம் வந்தது. முதலில் விரலில் வரும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எனக்கு முன்பாதத்தில் வந்தது. விரல்கள் தொடங்கும் இடத்தில் கூழாங்கல்லை வைத்துக் கட்டி, அதன்மேல் நிற்கச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி.

உயரமான ஸ்டூல் ஒன்று கேட்டேன். "வர்றவங்க என்ன நெனப்பாங்க, அவங்க நிக்கிறாங்க, நீங்க ஒக்காந்திருந்தா?" என்று மேலே இருந்தவர் கேட்டார். அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. நான்கு வருடம். வேலைக்கு லாயக்கில்லாதவன் என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயம். கடைசியில் எங்கள் துப்புரவுப் பணியாளர் அம்மா ஒருவர், லேபில் கால் உடைந்து ஒதுக்கிப் போட்டிருந்த ஸ்டூலைக் கம்பி சுற்றிக் கட்டி எடுத்து வந்தார். "ஒக்காருங்க சார், கேட்டா நான் சொல்லிக்கிறேன்" என்றார். ஒருவரும் கேட்கவில்லை. வரிசையில் நின்ற எந்த நோயாளியும் கோபித்துக்கொள்ளவும் இல்லை. ஆனால் அதற்குள் என் வலது கால் விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிவிட்டன. நோயும் ஒரு காரணம்தான். இருந்தாலும் அந்த நான்கு வருடத்தை நான் மன்னிக்கவில்லை. முதலில் என்னைத்தான் மன்னிக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அந்த ஜன்னல் வழியாக எத்தனை பேருக்கு டைக்ளோஃபெனாக் மாத்திரை கொடுத்திருப்பேன்! பரோட்டா மாஸ்டர், இஸ்திரி போடுகிறவர், வாட்ச்மேன், ஜவுளிக் கடைப் பெண்கள். எல்லோருக்கும் மாத்திரையோடு ஒரு அறிவுரையும் கொடுப்பேன்: "ரொம்ப நேரம் நிக்காதீங்க." நிற்பதுதான் அவர்கள் பிழைப்பு. நிற்காதே என்றால் பிழைக்காதே என்று அர்த்தம். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அந்த மாத்திரை வலியை மறைக்கும். அதைத் தின்றுவிட்டு மறுபடி பத்து மணி நேரம் நின்றால் வயிற்றில் புண் வரும், ரத்த அழுத்தம் ஏறும், வருடக்கணக்கில் போனால் சிறுநீரகம் பழுதாகும். இருபது ரூபாய் மாத்திரையை மெடிக்கலில் தானாக வாங்கித் தின்று, கடைசியில் டயாலிசிஸுக்கு வந்தவர்களை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இனி, உட்காரக் கூடாது என்பவர்கள் சொல்லும் காரணங்களுக்கு வருவோம்.

முதலாவது, மரியாதை. வாடிக்கையாளர் வரும்போது உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவாம். வங்கியில் பணம் கட்டுகிறோம், காசாளர் எழுந்து நின்றா வாங்குகிறார்? நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும், மாசி வீதிகளில் பழைய ஜவுளிக் கடைகளில் வெள்ளைத் துணி விரித்த மெத்தையில் முதலாளியும் உட்கார்ந்திருப்பார், கணக்கப்பிள்ளையும் உட்கார்ந்திருப்பார், நாமும் உட்காருவோம். உட்கார்ந்தபடியே பட்டை விரித்துக் காட்டினார்கள். வியாபாரம் குறைந்தா போயிற்று? நின்று விற்பதென்பது கண்ணாடிக் கவுண்டர் வந்த பிறகு வந்த பழக்கம். பரம்பரை வழக்கம் ஒன்றுமில்லை.

இரண்டாவது, உட்கார்ந்தால் சோம்பல் வந்துவிடுமாம். வலியோடு நிற்கிறவர் கவனம் பாதி காலில்தான் இருக்கும். எனக்குத் தெரியும். வலி பொறுக்காமல் ஒருநாள் மாத்திரையை மாற்றிக் கொடுத்துவிட்டு, வாசல் வரை ஓடிப்போய்த் திரும்ப வாங்கியிருக்கிறேன். ஸ்டூல் வந்த பிறகு அப்படி ஒரு தவறு நடக்கவில்லை.

மூன்றாவது, இடமில்லையாம். பெட்டி அடுக்க இடம் இருக்கிறது, ஆள் உட்கார இல்லையா?

சட்டம் இல்லாமலும் இல்லை. தொழிற்சாலைகளில் நின்று வேலை செய்கிறவர்களுக்கு இடையில் உட்கார வசதி வேண்டும் என்று 1948-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 44-வது பிரிவு அப்போதே சொன்னது. கடைகளுக்குத்தான் இல்லாமல் இருந்தது. கேரளத்தில் கடைப் பெண்கள் போராடி, 2018-ல் அங்கே சட்டம் வந்தது. நம் மாநிலத்தில் 2021 செப்டம்பரில் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லாப் பணியாளருக்கும் இருக்கை தர வேண்டும் என்று 22-ஏ பிரிவைச் சேர்த்தார்கள். இங்கிலாந்தில் கடைப் பெண்கள் மூவருக்கு ஒரு இருக்கையாவது வேண்டும் என்று சட்டம் போட்டது 1899-ல்! நாம் 122 வருடம் கழித்துப் போட்டோம். போட்டும் அந்த ஸ்டூலில் சேலைப் பெட்டிதான் உட்கார்ந்திருக்கிறது.

மதுரைக்காரர்களுக்கு நான் கதை சொல்ல வேண்டியதில்லை. மீனாட்சியம்மன் கோயில் வெள்ளியம்பலத்தில் நடராசர் கால் மாறி ஆடுகிறார். மற்ற ஊர்களில் இடது காலைத் தூக்கியவர், இங்கே வலது காலைத் தூக்கியிருக்கிறார். ராசசேகர பாண்டியன் பரதம் கற்றுக்கொண்டபோதுதான் உடம்பு நோவு என்றால் என்னவென்று அவனுக்குத் தெரிந்ததாம். 'ஒரே காலில் நிற்கிறாயே, உனக்கு வலிக்காதா' என்று இறைவனிடம் அழுது காலை மாற்ற வைத்தான் என்கிறது திருவிளையாடல் புராணம். தனக்கு வலித்ததும் அடுத்தவர் காலை நினைத்தானே, அந்தப் பாண்டியன் ஊர் இது. இங்கேயா ஒரு பெண்ணைப் பத்து மணி நேரம் நிறுத்தி வைப்பது?

நானும் யோக்கியன் இல்லை. 1988-ல் தங்கை கல்யாணத்துக்குச் சேலை எடுக்கப் போன இடத்தில், ஒரு வயதான விற்பனையாளர் நாங்கள் உள்ளே வந்தபோது எழுந்திருக்கவில்லை என்று முதலாளியிடம் புகார் சொன்னேன். அவர் கைகட்டி மன்னிப்புக் கேட்டார். மெதுவாக, மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் எழுந்த விதம் எட்டு வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

நின்று வேலை செய்கிற மகனோ மருமகளோ உங்கள் வீட்டில் இருந்தால், நான் பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லுங்கள். வெறுங்காலில் கல் தரையில் நிற்க வேண்டாம். முன்பக்கம் அகலமான, மெத்தென்ற செருப்பு வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்குக் கொடுக்கிற எம்.சி.ஆர். செருப்பு வாதக்காரர்களுக்கும் சுகமாக இருக்கும். காலடியில் ரப்பர் மிதியடி, கிடைக்காவிட்டால் நான்காக மடித்த சாக்கு. அரை அடிக்குச் சற்றுக் குறைவான உயரத்தில் ஒரு பலகை போட்டு, அதில் ஒரு காலை வைத்து, கொஞ்ச நேரம் கழித்து மறு காலை வைக்கலாம். அதுவும் கால் மாறி ஆடுவதுதான். வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் கால் வைத்தால் இதமாக இருக்கும். சர்க்கரையால் கால் மரத்தவர்கள் மட்டும் வைக்கக் கூடாது, சுடுவது தெரியாமல் வெந்துவிடும்.

காலையில் எழுந்ததும் ஒரு மணி நேரத்துக்கு மேல் மூட்டு விறைத்திருந்தால் அது வெறும் தேய்மானமாக இருக்காது. மூட்டுவாத நிபுணரிடம் உடனே காட்டுங்கள். முடக்குவாதத்துக்கு ஆரம்பத்திலேயே மருந்து எடுத்தால் விரல் கோணுவதைத் தடுக்கலாம். மெத்தோட்ரெக்ஸேட் எழுதிக் கொடுத்தால் அது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து.

இத்தனையும் செய்தாலும், உட்கார இடம் கொடுக்காவிட்டால் பாதிதான் பலன். அதைக் கொடுக்க வேண்டியவர் முதலாளி. கொடுக்க வைக்கக் கூடியவர்கள் வாடிக்கையாளர்களான நாம்தான். பில் போடும் இடத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும்: "அந்தம்மாவ ஒக்காரச் சொல்லுங்க, எங்களுக்கு ஒண்ணும் மரியாதக் கொறச்சல் இல்ல." நான் அன்றைக்குச் சொல்லாமல் வந்துவிட்டேன். பொங்கலுக்கு வேட்டி எடுக்க அதே கடைக்குத்தான் போகப் போகிறேன்.

நீங்களும் அடுத்த தடவை போகும்போது, அந்த ஸ்டூலின் மேல் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.