‘இல்லை’ என்று சொன்னதையும் எழுதுக

குப்பத்தில் கடை வைத்திருப்போருக்கு ஆண்டுப் பிறப்பு இரண்டு. தெலுங்கரும் கன்னடரும் உகாதி கொண்டாடுவர். நாம் சித்திரை முதல் நாளைக் கொண்டாடுவோம். பொங்கலும் சங்கராந்தியும் ஒன்றாக வரும். மே மாதத்தில் கங்கம்மன் ஜாத்திரைக்கு ஊரே திரண்டுவிடும். மூன்று மொழியினரும் ஒரே கடைப் படியேறும் எல்லையூர் இது. இத்தனை பேருக்கும் எப்பொருள் எப்பொழுது எவ்வளவு வேண்டும் என்று முன்கூட்டி அறிவது எளிதன்று. நம் சங்கத்துக் குடும்பங்களிற் பல சிறு கடையை நம்பி வாழ்வன. ஆதலின் இத்திங்கள் அதைப்பற்றிச் சிறிது எழுதத் துணிந்தேன்.

என் தமக்கையும் அவர் கணவரும் திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து இங்கு வந்து மளிகைக் கடை நடத்துகின்றனர். 2023-ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு முன் தமக்கையார் தம் இரண்டு வளையல்களைக் கழற்றிக் கொடுத்தார். அவற்றை அடகு வைத்து, மைத்துனர் மனமதிப்பாகவே சரக்குப் பிடித்தார். ரவையும் மைதாவும் பாதிக்குமேல் தங்கி, மார்கழியில் வண்டு பிடித்தன. எல்லோரும் கேட்ட கடலை மாவோ பண்டிகைக்கு மூன்று நாள் முன்னரே தீர்ந்துபோயிற்று. விற்காத சரக்கு மூட்டையில் உறங்கியது. வட்டி மட்டும் உறங்கவில்லை.

“மச்சான், நீ ரயில்வேயில் நாள் முழுதும் எண்களோடு இருப்பவன். இதற்கு ஒரு வழி சொல்லக் கூடாதா?” என்று அவர் கேட்டார்.

நான் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். ஆயினும் அலுவலின் பொருட்டு விரிதாளைக் கையாளக் கற்றிருந்தேன். விரிதாள் என்பது கட்டங் கட்டமாகக் கோடிட்ட கணக்கேடே. கணினியிலும் கைப்பேசியிலும் விரியும். 1978-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்த டான் பிரிக்லின் என்பவர், கரும்பலகையில் ஓர் எண் மாறினால் அதைச் சார்ந்த எண்களையெல்லாம் அழித்து மீண்டும் எழுத வேண்டியிருப்பதைக் கண்டார். ஓர் எண்ணைத் திருத்தினால் மற்றவை தாமே திருந்தும் பலகையொன்று வேண்டும் என்று எண்ணினார். நண்பர் பாப் பிராங்க்ஸ்டனுடன் சேர்ந்து அவர் அமைத்த ‘விசிகால்க்’ 1979-இல் விற்பனைக்கு வந்தது. இன்று நாம் பயன்படுத்தும் எக்செல் முதலியன அதன் வழிவந்தவையே. கூகுள் ஷீட்ஸ், லிப்ரே ஆபீஸ் கால்க் போன்றவற்றைக் காசின்றியே பெறலாம்.

முறை இதுதான். பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். அதில் தேதி, வரவு, விற்பனை, இருப்பு என நான்கு பத்திகள். துவரம் பருப்பை எடுத்துக்கொள்வோம். நான்கு வாரங்களில் 42, 38, 45, 43 கிலோ விற்றது எனில், கூட்டுத்தொகை 168. வாரச் சராசரி 42. நாளொன்றுக்கு 6 கிலோ. மண்டியில் சொன்ன நாள் முதல் சரக்கு வந்து சேர ஐந்து நாள் ஆகும். அதற்குள் 30 கிலோ விற்றுவிடும். வண்டி இரண்டு நாள் தாமதித்தால் என்ன செய்வது? அதற்காக 12 கிலோ கூடுதலாக இருக்கவேண்டும். ஆக, இருப்பு 42 கிலோவுக்கு இறங்கிய அன்றே மண்டிக்குச் சொல்லிவிட வேண்டும். புதிய வாரத்தின் விற்பனையைச் சேர்த்துப் பழைய வாரம் ஒன்றை நீக்கிவந்தால், சராசரியும் காலத்தோடு நகரும்.

ஆனால் சராசரிக்குப் பண்டிகை தெரியாது. அதற்குச் சென்ற ஆண்டின் பண்டிகைக் கணக்கைப் பார்க்கவேண்டும். அங்கேயும் தேதியை நம்பலாகாது. பொங்கல் ஆண்டுதோறும் ஜனவரி நடுவில் வரும். தீபாவளியோ 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20 என்று நகர்ந்தது. ரம்சான் ஆண்டுக்குச் சுமார் பதினொரு நாள் முன்னே வரும். சேமியாவும் பேரீச்சம்பழமும் அதனோடு நகரும். நவம்பரை நவம்பரோடு ஒப்பிட்டவர் ஏமாறுவார். தீபாவளிக்கு முந்திய பதினான்கு நாளை, மறு தீபாவளிக்கு முந்திய பதினான்கு நாளோடுதான் ஒப்பிடவேண்டும்.

இவ்வளவும் செய்து 2024-ஆம் ஆண்டுத் தீபாவளிக்குத் தாள் ஒன்று ஆயத்தம் செய்தேன். பழைய நோட்டின்படி முந்திய தீபாவளிக்கு விற்ற கடலை மாவு 50 கிலோ. கடையின் வளர்ச்சியையும் சேர்த்து, “52 கிலோ போதும், மாமா” என்று பெருமையோடு கூறினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்த தமக்கையார் நிமிர்ந்து பார்த்தார்.

“தம்பி, கடைசி மூன்று நாளும் எத்தனை பேரை ‘இல்லை’ என்று சொல்லித் திருப்பி அனுப்பினோம் தெரியுமா? அது உன் தாளில் எங்கே இருக்கிறது?”

என்னிடம் விடையில்லை. விற்றதை மட்டுமே நான் எழுதியிருந்தேன், கேட்டதை எழுதவில்லை. சரக்கு தீர்ந்த நாளில் விற்பனை சுழியம். தேவை சுழியம் அன்று. அந்தச் சுழியத்தை நம்பிக் குறைவாக வாங்கினால் மறுபடியும் தீர்ந்துபோகும். அடுத்த ஆண்டு இன்னும் குறைவாக வாங்கச் சொல்லும். இவ்வாறு கணக்குச் சரியாக இருந்தும் கடை தேய்ந்துவிடும்.

விற்பனை நடந்த பதினொரு நாளின் போக்கையும், திரும்பிப் போனவர்களைப் பற்றித் தமக்கையார் நினைவிலிருந்து சொன்னவற்றையும் கூட்டி 70 கிலோ வாங்கினோம். பண்டிகை முடிந்தபோது மீதி 4 கிலோ. ரவையும் மைதாவும் முந்திய ஆண்டில் பாதியே வாங்கியதால் அவையும் தேங்கவில்லை. தை பிறக்குமுன் வளையல்கள் வீடு திரும்பின.

ஆதலின் அன்பர்களே, உங்கள் தாளில் ஐந்தாவதாக ஒரு பத்தி சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு ‘இல்லை’ என்று தலைப்பிடுங்கள். கேட்டு வந்து வெறுங்கையோடு போனவர் எத்தனை பேர், கேட்டது எவ்வளவு என்று அன்றன்றே குறித்திடுங்கள். எல்லாப் பொருளுக்கும் ஒரே நாளில் தாள் தொடங்க முற்படவேண்டா. மிகுதியாகப் பணம் முடங்கும் பத்துப் பொருள்கள் போதும். எண்களைப் பள்ளியிற் படிக்கும் பிள்ளைகள் ஏற்றட்டும். ஆனால் கொள்முதலுக்குமுன் தாளைக் கல்லாவில் இருப்பவரிடம் ஒருமுறை காட்டுங்கள். என் தாள் மறந்ததை நினைவில் வைத்திருந்தவர் என் தமக்கையார்தாம்.

கடனுக்குக் கொடுத்த சரக்கை எவ்வாறு கணக்கிடுவது என்பதை அடுத்த திங்கள் காண்போம்.