‘பொறுத்திருந்து பாருங்கோ’ எண்டால், ஆர் பொறுக்கிறது?

தோழர்களே,

போன கூட்டத்தில் மருத்துவச் சேவை வெட்டுகள் பற்றி இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். கடைசிப் பத்து நிமிடத்தில் நான் கருச்சிதைவுச் சிகிச்சை பற்றி வாய் திறந்தேன். ஒரு தோழர், மரியாதையாகத்தான், “அது கொஞ்சம் தனிப்பட்ட விசயமெல்லோ” என்றார். மற்ற எல்லாரும் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். அன்று சொல்ல விடாததை இங்கே எழுதுகிறேன்.

2022இல், ஒன்பதாவது வாரத்தில் எனக்குக் கரு கலைந்தது. லண்டனில் ஒரு ஆஸ்பத்திரி. எல்லாம் போய்விட்டது என்று நான் நினைத்திருக்க, ஸ்கான் செய்தவர் உள்ளே இன்னும் திசு மிச்சம் இருக்கிறது என்றார். தாதி ஒரு துண்டுப்பிரசுரம் தந்தார். தானாக வெளியேறும்வரை காத்திருக்கலாம். கருப்பையைச் சுருங்க வைக்கும் மிசோப்ரொஸ்டோல் குளிசை எடுக்கலாம். அல்லது உறிஞ்சி எடுக்கலாம். முழு மயக்கத்திலும் செய்வார்கள், அந்த இடத்தை மட்டும் விறைக்கப் பண்ணியும் செய்வார்கள். “தெரிவு உங்களுடையது” என்றவர், அதே மூச்சில் “முதலில் இரண்டு கிழமை பொறுத்துப் பாருங்கள்” என்றார்.

தாதியில் எனக்குக் கோபமில்லை. இங்கிலாந்தின் நைஸ் வழிகாட்டி 2012இலிருந்து அப்படித்தான் சொல்கிறது: முதலில் 7 முதல் 14 நாள் காத்திருப்பு. ஆனால் காத்திருக்க அந்தப் பெண்ணுக்குச் சம்மதம் இல்லையென்றால் குளிசை கொடுக்கவேண்டும் என்றும் அதே வழிகாட்டியில் இருக்கிறது. தொற்று இருந்தாலோ, இரத்தப்போக்கு ஆபத்து இருந்தாலோ, முன்பு கர்ப்பத்தில் மோசமான அனுபவம் பட்டிருந்தாலோ வேறு வழிகளைப் பார்க்கவேண்டும் என்றும் இருக்கிறது. அந்த வரிகளை எனக்கு ஒருவரும் வாசித்துக் காட்டவில்லை.

காத்திருப்பது பிழையான வைத்தியம் என்று நான் சொல்லவில்லை. 2006இல் வெளிவந்த மிஸ்ட் ஆய்வு 1,200 பெண்களைப் பார்த்தது. மூன்று வழியிலும் தொற்று ஏறக்குறைய ஒன்றுதான், 100க்கு 2, 3 பேர். ஆனால் காத்திருந்தவர்களில் 100க்கு 44 பேருக்குக் கடைசியில் திட்டமிடாத சத்திரசிகிச்சை தேவைப்பட்டது. குளிசை எடுத்தவர்களில் 13 பேருக்கு. அதாவது ‘பொறுத்திருத்தல்’ என்பது சும்மா இருக்கிறதல்ல. அதற்கு நேரம் வேணும், பக்கத்தில் ஆள் வேணும், இரவு இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட வாகனம் வேணும்.

எனக்கு அப்போது ஒரு கடையில் மணித்தியாலக் கூலி. நோய்க்காசு அந்த நேரம் முதல் மூன்று நாளுக்குக் கிடைக்காமல் இருந்தது. துக்க விடுப்புச் சட்டம் 2020இல் நடைமுறைக்கு வந்தது, அதுவும் அப்போது 24 வாரம் கடந்திருந்தால்தான். ஆகவே கல்லாவில் நின்று கொண்டுதான் பொறுத்தேன். பதினோராம் நாள் இரவு இரத்தம் நிற்கவில்லை. உறிஞ்சி எடுத்தார்கள். முதல் நாளே கேட்டிருந்தால் செய்திருக்கக்கூடிய அதே சிகிச்சை!

என் கதை பரவாயில்லை, எனக்கு விசா இருந்தது. பிறகு ஒருநாள் தஞ்சக்கோரிக்கை நிராகரிக்கப்பட்ட ஒரு அக்காவோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் தடவை அவவுக்கு மொழிபெயர்த்தவர் புருசனின் ஒன்றுவிட்ட அண்ணர். பாவம், மனிசனுக்கு வெட்கம். “கிளீன் பண்ணப் போயினமாம்” என்பதோடு முடித்துவிட்டார். அக்கா கருப்பையையே எடுக்கப் போகிறார்கள் என்று பயந்துவிட்டா. ஊரில் ‘வோஷ்’ பண்ணினதென்று அம்மாமார் குசுகுசுத்த கதைகள்தான் அவவுக்குத் தெரியும். கூரான கருவியால் சுரண்டுவது பழைய முறை, அதை விட்டு உறிஞ்சும் முறைக்கு மாறுங்கள் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்வதை அண்ணரா சொல்லப்போகிறார்?

அக்கா காத்திருப்பைத் தெரிவு செய்தா. ஏன்? அது இலவசம். இங்கிலாந்தில் அவவின் நிலையில் உள்ளவர்களிடம் ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கு வழமைக் கட்டணத்தின் 150 விழுக்காடு அறவிடலாம். அவசரச் சிகிச்சையை மறுக்க ஏலாது, ஆனால் பில் பின்னால் வரும். 500 பவுண்டுக்கு மேல் இரண்டு மாதம் கட்டாவிட்டால் உள்துறை அமைச்சுக்குத் தகவல் போகும். அவ காச்சலோடு மூன்று நாள் பனடோல் போட்டுக்கொண்டு படுத்திருந்தா. தொற்று. தப்பிவிட்டா. பில் லாச்சிக்குள் இருக்கிறது.

ஜோர்ஜியாவில் அம்பர் தேர்மன் 2022இல் இறந்தது 2024இல் வெளியே வந்தபோது நாங்கள் எல்லாரும் பகிர்ந்தோம். கருக்கலைப்பு மாத்திரைக்குப் பிறகு திசு மிஞ்சியது, தொற்று ஏறியது, அகற்றும் சிகிச்சைக்கு ஏறக்குறைய 20 மணித்தியாலம் காக்க வைத்தார்கள். தடுத்திருக்கக்கூடிய மரணம் என்று அந்த மாநிலத்தின் மீளாய்வுக் குழுவே சொன்னது. அங்கே கருக்கலைப்புத் தடைச் சட்டம், அதனால் அது அரசியல். இங்கே பில்லும் மொழியும் லீவும், அதனால் ‘தனிப்பட்ட விசயம்’. அப்படியா தோழர்?

வாசிக்கிற தங்கச்சிமாருக்கு: காச்சல், நடுக்கம், கெட்ட மணம், மணித்தியாலத்துக்கு இரண்டு பாட் நனைகிற இரத்தம் என்றால் பொறுக்க வேண்டாம், உடனே போங்கோ. குடும்பத்தில் ஒருவரை வைத்து மொழிபெயர்க்க விடாதீங்கோ. மொழிபெயர்ப்பாளர் வேணும் என்று கேளுங்கோ. பாரம் தூக்கினதால, அன்னாசி சாப்பிட்டதால எண்டு ஆர் சொன்னாலும் காதில போடாதீங்கோ.

கூட்டாக நாங்கள் செய்ய வேண்டியது வேறு. அக்காவின் பில்லுக்கு எதிராக ஒரு கடிதம் எழுதத் தொடங்கியிருக்கிறேன். சட்டம் தெரிந்த இரண்டு பேர் தேவை. அடுத்த கூட்டத்துக்குப் பெயரை அழித்துவிட்டுப் பில்லின் பிரதியைக் கொண்டு வாறன். நிகழ்ச்சிநிரலில் முதலாவதாகப் போடுங்கோ, கடைசிப் பத்து நிமிடத்தில் இல்லை.