கையுறை மட்டும் போதுமா, நண்பர்களே?

- மூன்றாம் ஆண்டு சிவில் மாணவன்



போன வருடம் என்.எஸ்.எஸ். முகாமுக்கு ஏரிக்கரைக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? ஏழு நாள். கரையில் பேனர், கையில் உறை, தலையில் தொப்பி! பிளாஸ்டிக் கவர், குவார்ட்டர் பாட்டில், கரைத்த பிள்ளையார் சிலைகளின் கட்டை, பழைய மெத்தை என்று இரண்டு டிராக்டர் வாரி ஏற்றினோம். கடைசி நாள் சிறப்பு விருந்தினர் வந்து மரக்கன்று நட்டார். போட்டோ எடுத்தோம், கேசரி சாப்பிட்டோம், கலைந்தோம். மூன்று வாரம் கழித்து பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்க்கிறேன்... அதே இடத்தில் அதே குப்பை. மரக்கன்றை ஆடு தின்றுவிட்டிருந்தது. புதுசாக இன்னொரு மெத்தை வேறு வந்திருந்தது!

முகாமைக் கிண்டல் செய்ய இதை எழுதவில்லை. 1969ல் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு தொடங்கிய பெரிய இயக்கம் அது. நானும் 240 மணி நேரக் கணக்கு எழுதிச் சான்றிதழ் வாங்கப் போகிறவன்தான். என் கேள்வி வேறு. குப்பை வாருவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். டிப்ளமோ படிக்கிற நமக்குத் தெரிந்த வேலையை ஏன் அந்த ஏரிக்கு நாம் செய்யவில்லை?

இது என் மண்டையில் உதித்த கேள்வியும் அல்ல. முகாமின் நாலாவது நாள், கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, குப்பைய வாரினீங்க, சந்தோசம். இந்த ஏரி கோடி போய் எத்தினி வருசம் ஆச்சு தெரியுமா? மழை பெய்யுது, ஊருக்குள்ள தண்ணி நிக்குது, ஏரிக்கு மட்டும் வரமாட்டேங்குது. நீங்கல்லாம் படிச்ச புள்ளைங்க, ஏன்னு பாத்துச் சொல்லுங்களேன்" என்றார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. சர்வே பிராக்டிகலில் நல்ல மார்க் வாங்கியவன் நான்! காலேஜ் கிரவுண்டிலேயே சுற்றிச் சுற்றி டம்பி லெவல் வைத்து, அதே புத்தகத்தில் அதே கணக்கை எழுதி (சீனியர் நோட்டைப் பார்த்துத்தான், வேறென்ன) கையெழுத்து வாங்கியவர்கள்தானே நாம் எல்லோரும்?

முகாம் முடிந்ததும் நாங்கள் ஐந்து பேர் லேப் சாரிடம் போய் நின்றோம். "ஞாயித்துக்கிழமை லேப் சாவியா? ஸ்டாஃபை உடைச்சா யார்ரா காசு கட்டுறது?" என்றார். மூன்று முறை கேட்ட பிறகு, அவரே கருவியைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வந்தார். அந்த நல்ல மனசுக்கு இந்த மலரில் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

கலங்கலின் உச்சியை 100 என்று வைத்துக்கொண்டோம். ஏரி நிறைந்தால் தண்ணீர் வழிந்து போகிற இடம் அதுதான். ஆகவே ஏரியின் முழு நீர்மட்டமும் அதுதான். அங்கிருந்து மதகின் அடிமட்டம், ஏரியின் தரை, வரத்துக் கால்வாய் என்று ஒவ்வொன்றாக ரீடிங் எடுத்தோம். இரண்டு ஞாயிறு போனது. மூன்றாவது ஞாயிறு குட்டு வெளிப்பட்டது. கால்வாய் ரோட்டைக் கடக்கும் கல்வெர்ட்டுக்கு அந்தப் பக்கம் தரை தாழ்வு. இந்தப் பக்கம் முழங்கால் உயரத்துக்கு மேடு. ரோடு போட்டபோது கொட்டிய கல்லும் மண்ணும் அப்படியே இறுகிப் போயிருக்கிறது. தண்ணீர் மேட்டில் ஏறுமா? திரும்பித் தெருவுக்குள் போகிறது. ஏரி காய்வதற்கும் தெரு மிதப்பதற்கும் காரணம் ஒன்றே!

இதைத் தெரிந்துகொள்ளாமல், "ஏரியைத் தூர் வாருகிறோம்" என்று பொக்லைனை இறக்கிவிடுவது பல ஊர்களில் நடக்கிறது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது. மாடு குடிக்கும், கிணறு ஊறும், அவ்வளவுதான். கரையின் அடியை ஒட்டித் தோண்டினாலோ கரையே பலவீனமாகிவிடும். ஆர்வம் நல்லதுதான். அளக்காத ஆர்வம் ஏரிக்கு ஆபத்து.

கோவையில் 2017ல் தொடங்கிய கோவை குளங்கள் பாதுகாப்பு அமைப்பைப் பாருங்கள். பேரூர் பெரியகுளத்தில் குப்பை வாருவதில் ஆரம்பித்தவர்கள்தான். ஆனால் அதோடு நிற்கவில்லை. நொய்யலிலிருந்து வெள்ளலூர் குளத்துக்கு வரும் வாய்க்கால் தூர்ந்து கிடந்ததை ஞாயிறுதோறும் போய்ச் சரிசெய்தார்கள். பல வருடம் வறண்டு கிடந்த குளத்துக்குத் தண்ணீர் வந்தது. 2018 கஜா புயலுக்குப் பிறகு பேராவூரணிப் பெரிய குளத்தைக் கையில் எடுத்தவர்களும் உள்ளூர் இளைஞர்கள்தான்.

நம் பக்கத்து உத்திரமேரூரில் கி.பி. 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலை போட்டு ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பெருமைதான். ஆனால் அந்த விதிப்படி 35 வயது ஆகியிருக்க வேண்டும், வரி கட்டுகிற கால் வேலி நிலமும் வேண்டும். நம்மில் ஒருத்தனும் தேறமாட்டோம்! மண் சுமந்தவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை இருந்திருக்காது என்றே நினைக்கிறேன். அதனால் பழம்பெருமை பேசி இதை முடிக்க எனக்கு விருப்பமில்லை.

இப்போது சொல்லத் தயங்கிய விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து பேரில் ஒருவன் வீடு ஏரிக்குள்தான் இருக்கிறது. அவன் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். எங்கேயும் இடம் வாங்க முடியாமல் புறம்போக்கில் போட்ட ஓட்டு வீடு. நாலாவது ஞாயிறு அவனே தன் வீட்டு வாசற்படியில் ஸ்டாஃபைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் ரீடிங் பார்த்தேன். கணக்குப் போட்டேன். வாசற்படி, கலங்கல் மட்டத்துக்குக் கீழே. அதாவது கல்வெர்ட்டை நாங்கள் சுத்தம் செய்து ஏரி நிறைந்தால், அவன் வீட்டுக்குள் தண்ணீர் வரும். அந்த வரிசையில் ஏழு வீடு.

"சரியா பாத்தியாடா?" என்று மட்டும் கேட்டான். திரும்பவும் பார்த்தேன். அதே ரீடிங்.

ஆக்கிரமிப்பு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். 2007ல் வந்த ஏரிகள் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. ஆனால் சென்னையில் தி.நகரே 1920களில் ஒரு பெரிய ஏரியின் மேல் உருவான ஊர் அல்லவா? அங்கே யாரையும் யாரும் காலி செய்யச் சொல்லவில்லை. ஏரியைக் காக்கப் போகிற நாம், ஏழு வீட்டுக்காரர்களுக்குத் தெரியாமல் ஒரு கூடை மண்கூட எடுக்கக் கூடாது என்பது என் கட்சி. இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. "அப்ப ஏரி காயட்டுமா? தெருவுல இருக்கிற மத்தவங்க மிதக்கட்டுமா?" என்று கேட்டார்கள். அதற்கும் என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அந்த ஏழு குடும்பத்துக்கும் மாற்று இடம் கேட்கிற மனுவை எழுதுவதும் தன்னார்வத் தொண்டுதான். அதற்குக் கையுறை தேவையில்லை, போட்டோவும் வராது.

அப்படித்தான் செய்தோம். பாசனப் பரப்பு 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் ஏரி நீர்வளத் துறையுடையது, குறைவு என்றால் ஊராட்சி ஒன்றியத்துடையது. நம்முடையது துறை ஏரி. லெவல் கணக்கை வரைபடமாகப் போட்டு, ஏழு வீட்டுக்காரர்களின் கையெழுத்தோடு மனுவையும் இணைத்துக் கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. மதகின் ஸ்குரூ ராடு துருப்பிடித்து இறுகியிருக்கிறது. அதற்கு அனுமதி கேட்டுத் தனிக் கடிதம் போயிருக்கிறது. அனுமதி வந்தால் மெக்கானிக்கல் நண்பர்கள் தேவைப்படுவீர்கள். மேல் கால்வாயில் இன்னும் அளக்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஞாயிறு காலை ஆறு மணிக்கு லேப் வாசலில் நிற்போம். தொப்பியும் தண்ணீர் பாட்டிலும் கொண்டு வாருங்கள். ஸ்டாஃப் பிடிக்க ஆள் இருக்கிறது. அவன் ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.