புட்டியோடு விருந்துக்குச் செல்லலாமா?

விடுமுறைக் காலம் நெருங்குந்தோறும் நம் சங்க இதழின் இப்பகுதிக்கு வரும் மடல்கள் பெருகுகின்றன. ஊருக்குச் செல்லும் வழி, பிள்ளைகளுக்கு ஏற்ற உணவு, பழைய வீட்டின் வரி என்று நேயர்கள் கேட்கும் ஐயங்கள் பலவகை. இத்திங்கள் வந்த மடல்களுள் ஒன்று நம்மைச் சற்று நின்று எண்ண வைத்தது. எழுதியவர் பாறசாலையை அடுத்த ஒரு சிற்றூரிற் பிறந்து, இன்று மெல்போர்ன் நகரில் மனைவி மக்களோடு வாழும் அன்பர். வருகின்ற டிசம்பரில் அவருடைய பெற்றோரின் திருமணத்திற்கு ஐம்பது ஆண்டுகள் நிறைகின்றன. திருவனந்தபுரத்தில் நல்லதோர் உணவு விடுதிக்கு அவர்களை அழைத்துச் சென்று, தாம் கொண்டுவரும் திராட்சை மதுவை மேசைமேல் வைத்து விருந்து நடத்த வேண்டும் என்பது அவர் விருப்பம். "இங்கே எத்தனையோ விடுதிகளில் நாமே புட்டியைக் கொண்டு செல்லலாம். அங்கே அவ்வாறு இடந்தரும் விடுதிகள் எவை? ஒரு பட்டியல் தருக" என்று கேட்டிருக்கிறார்.

அன்பர் எதிர்பார்க்கும் பட்டியலை நாம் தருவதற்கில்லை. தரவியலாமைக்குரிய காரணத்தை விளக்குவதே இத்திங்கள் நம் வேலை. இது அவர் ஒருவருக்கு மட்டும் உரிய செய்தியன்று. நெய்யாற்றின்கரை, பாறசாலை, களியக்காவிளை ஆகிய எல்லையூர்களை விட்டுச் சென்று, ஆண்டுக்கு ஒருமுறை மீளும் குடும்பங்கள் அனைத்திற்கும் உரியது.

முதலில் அந்நாட்டு வழக்கத்தின் வேரைக் காண்போம். உண்பவர் தம் மதுவைத் தாமே கொண்டுவரும் முறை, மது விற்கும் உரிமம் பெறுவது அரிதாகவும் செலவு மிக்கதாகவும் இருந்த இடங்களில் வளர்ந்தது. நியூசிலாந்தில் 1976-ஆம் ஆண்டு இதற்கென்றே தனி உரிமம் ஏற்படுத்தப்பட்டது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 3,000 குடிமக்களுக்கு ஒன்று என்னும் அளவிலேயே மதுக்கூட உரிமங்கள் வழங்கப்படுகின்றன. ஆகவே உரிமம் வாங்க இயலாத சிறு விடுதிகள் பல, வருவோர் ஒயினோ பீரோ கொண்டுவர இடந்தருகின்றன. வேறு பல நாடுகளில் புட்டியைத் திறந்து கொடுப்பதற்கும், கண்ணாடிக் கிண்ணம் கழுவுவதற்கும், விற்பனை இழப்பை ஈடுசெய்வதற்குமாக ஒரு கட்டணம் பெறுவதுண்டு. இவை யாவும் அந்தந்த நாட்டுச் சட்டம் வெளிப்படையாக இசைந்தமையால் நடப்பவை. விடுதிக்காரரின் தாராள மனப்பான்மை ஒன்றினால் மட்டும் நடப்பவையல்ல.

நம் பக்கத்துச் சட்டமோ வேறு. கேரளத்தில் மது பற்றிய அடிப்படைச் சட்டம் கொல்லம் ஆண்டு 1077-இல் இயற்றப்பட்ட அப்காரிச் சட்டமாகும். பழைய கொச்சி அரசிற் பிறந்த அச்சட்டம் பல திருத்தங்களோடு இன்றும் ஆட்சி செய்கிறது. அதன்படி, உரிமம் பெற்ற இடத்தில் அன்றிப் பொது இடத்தில் மது அருந்துதல் குற்றம். பொது இடம் என்பது தெருவும் சந்தையும் மட்டுமே என்று நம்மவர் பலர் கருதுகின்றனர். அது தவறு. ஓட்டலிலோ உணவு விடுதியிலோ பல திறத்தார் அமர்ந்து உண்ணும் கூடமும் பொது இடமே என்று அச்சட்டம் விரித்துரைக்கிறது. ஒருவர் தங்கி வாழும் தனி அறைக்கு மட்டும் விலக்கு உண்டு. எனவே சாதாரணச் சாப்பாட்டுக் கடையில், விலைகொடுத்து முறைப்படி வாங்கிய ஒயினாயினும், அதைத் திறந்து அருந்துவது குற்றமாகிவிடும். புட்டி யாருடையது என்பது அங்கே கேள்வியன்று. எவ்விடத்தில் அருந்தப்படுகிறது என்பதே கேள்வி. தமிழ்நாட்டுப் பக்கத்திலும் நிலைமை இதனினும் இலேசானதன்று. அங்கும் உரிமம் பெற்ற மதுக்கூடங்களிலும் ஓட்டல்களிலும் கழகங்களிலுமே அருந்த முடியும்.

"சட்டம் அவ்வாறு இருக்கலாம், ஆயினும் கண்டும் காணாமல் விடுகிறார்களே" என்று சிலர் சொல்வதை நாம் கேட்டிருக்கிறோம். அவர்களுக்காக நாம் நேரிற் கண்டதொன்றைக் கூறுவோம். சில ஆண்டுகளுக்கு முன் நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும் சுவையாகக் கிடைக்கும் ஒரு சிறு கடைக்கு, வெளிநாட்டிலிருந்து வந்த உறவினரோடு சென்றிருந்தோம். கடையை நடத்தியவர் கணவரை இழந்த ஓர் அம்மையார். உறவினர் செய்தித்தாளிற் சுற்றிய புட்டியை எடுத்து எவர்சில்வர் தம்ளர்களில் ஊற்றினார். நாமும் தடுக்கவில்லை, அது நம் பிழையே. பக்கத்து மேசையில் இருந்தவருக்கும் நம்மவருக்கும் வாய்ச்சொல் முற்றியது. காவலர் வந்தனர். நம் உறவினர் ஒருநாள் அலைந்து, அபராதம் கட்டி, மறுவாரம் விமானம் ஏறிவிட்டார். அந்த அம்மையாரோ தம் கடையில் மது விற்கப்படவில்லை என்று மெய்ப்பிக்கப் பல நாள் அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினார். நாம் மன்னிப்புக் கேட்கச் சென்றபோது அவர் சினக்கவில்லை. "நீங்க பிளேன் ஏறிப் போயிருவிய மக்கா, நான் இங்கதானே இருக்கணும்?" என்று மட்டும் சொன்னார். அச்சொல் இன்றும் நம் நெஞ்சை விட்டு அகலவில்லை. விருந்தினருக்கு ஒரு மாலைப் பொழுதின் களிப்பு; கடைக்காரருக்கோ அது வாழ்க்கை.

இனி எல்லையின் இயல்பை நோக்குவோம். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளுக்கு முன் விளவங்கோடும் நெய்யாற்றின்கரையும் ஓர் அரசின்கீழ் இருந்த அண்டைத் தாலுகாக்கள். அந்நாளில் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதுமுதல் ஒரே பனையின் பயனுக்கு இரண்டு சட்டங்கள் உண்டாயின. சென்னை மாநிலம் 1937-இல் சேலத்தில் தொடங்கி, பின்னர் மாநிலம் முழுவதிலும் மதுவிலக்கைக் கடைப்பிடித்து வந்தது. 1971-இல் அது தளர்த்தப்பட்டது. பின்னர்ப் பலமுறை மாறியது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் விற்பனைக்கு இடமில்லை. ஆனால் அரசே டாஸ்மாக் கடைகளில் பிற மது வகைகளை விற்கிறது. கேரளத்திலோ 1996-இல் சாராயம் நிறுத்தப்பட்டது. கள் மட்டும் உரிமம் பெற்ற கடைகளில் இன்றும் விற்கப்படுகிறது. பாறசாலையில் கடைப்பலகை மாட்டி விற்கத்தக்க கள், ஒரு கூப்பிடு தூரத்தில் களியக்காவிளையைக் கடந்தால் கைப்பற்றப்படும் பொருளாகிறது. இதனை அறியாமல் மகிழுந்தின் பின்பெட்டியில் ஒரு பக்கத்துப் புட்டியை மறுபக்கத்துக்கு எடுத்துச் சென்று சோதனைச் சாவடியில் விழித்து நின்றோர் நம் குடும்பங்களிலும் உண்டு. பாட்டன் வீடு இஞ்சிவிளையிலும் மாமன் வீடு களியக்காவிளையிலும் இருக்கலாம். சட்டம் உறவுமுறை பார்ப்பதில்லை.

பனையைப் பற்றிப் பேசும்போது வேறொன்றும் நினைவுக்கு வருகிறது. தம் கலத்தைத் தாமே கொண்டு செல்லும் வழக்கம் நமக்குப் புதிதன்று. விடியற்காலையில் பனையேறியின் விளைக்குச் செம்பும் தூக்குவாளியும் எடுத்துச் சென்று அக்கானி வாங்கி வந்த நாள்களை நம்முள் மூத்தோர் மறந்திரார். அங்கேயே குடிப்போர்க்குப் பனையோலையை மடித்துப் பட்டை பிடித்துக் கொடுப்பர். அக்கானி என்று நாம் சொல்வதைப் பிற மாவட்டத்தார் பதநீர் என்பர். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் சாறு புளிக்காமல் இனிப்பாகவே நிற்கும். தடவாவிடின் காற்றிலும் பாளையிலும் உள்ள நொதியுயிர்கள் சில மணி நேரத்திற்குள் அதனைக் கள்ளாக்கிவிடும். ஒரு விரல் சுண்ணாம்பு, பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பானத்தையும் உரிமம் வேண்டும் மதுவையும் வேறுபடுத்துகிறது. அவ்வாறே நெடுவழி செல்வோர் கட்டுச்சோற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டு, கடையில் மோரும் வடையும் மட்டும் வாங்கி உண்ணும் பழக்கமும் இருந்தது. கடைக்காரர் முகஞ்சுளிக்கவில்லை. ஆகவே, தம் பொருளைத் தாமே கொண்டுவருதல் என்னும் கருத்து நம் பண்பாட்டுக்கு மாறானதன்று. மதுவைப் பொறுத்தவரை மட்டுமே அது சட்டத்தோடு மோதுகிறது.

அங்ஙனமாயின் மெல்போர்ன் அன்பர் என்ன செய்யலாம்? நாம் கருதுவன இவை.

முதலாவது, விருந்தை வீட்டில் நடத்தலாம். சொந்த வீடு பொது இடமன்று. வெளிநாட்டிலிருந்து வருவோர் ஒவ்வொருவரும் 2 லிட்டர் வரை மதுவைச் சுங்கத் தீர்வையின்றிக் கொண்டுவரலாம். 750 மில்லி லிட்டர் கொண்ட ஒரு புட்டி அவ்வளவுக்குள் நன்கு அடங்கும். வாங்கிய சீட்டைக் கைவசம் வைத்திருத்தல் நலம். சமையலுக்கு ஊரிலேயே கைதேர்ந்தோர் உள்ளனர். நகரத்து விடுதியின் மங்கிய விளக்கொளியை விட நம் வீட்டுத் திண்ணை முதியோர்க்கு உகந்தது.

இரண்டாவது, விடுதியிலேதான் நடத்த வேண்டுமெனின், மது விற்கும் உரிமம் பெற்ற ஓட்டலைத் தேர்ந்து, அங்கே விற்பதை வாங்குதலே முறை. பீரும் ஒயினும் மட்டும் விற்கும் உரிமம் பெற்றனவும் உள. விலை கூடுதலாயிருக்கும்; ஆயினும் நெஞ்சில் அச்சமின்றி உண்ணலாம். கேரளத்தில் 23 வயது நிரம்பாதவர்க்கு மது தரலாகாது என்பதை நினைவிற் கொள்க. வெளிநாட்டில் 18 வயதிலேயே உரிமை பெற்ற பிள்ளைகள் இங்கே வந்து வியப்படைவதுண்டு.

மூன்றாவது, புட்டியை எடுத்துக்கொண்டு இஞ்சிவிளை வழியே எல்லை தாண்டவேண்டாம். உரிமம் பெற்ற கடையில் வாங்கிய கள்ளும் அவ்வாறே. கேரளத்திற்குள்ளேயே ஒருவர் 1.5 லிட்டருக்கு மேல் வைத்திருக்க இயலாது.

நான்காவது, அருந்தியவர் வண்டி ஓட்டலாகாது. குருதியில் 100 மில்லி லிட்டருக்கு 30 மில்லி கிராம் என்பது இந்தியச் சட்டம் விதித்த எல்லை. ஆஸ்திரேலியாவில் பொதுவாக உள்ள 50-ஐ விட அது குறைவு. அங்கே பிழையற்ற அளவு இங்கே பிழையாகிவிடும். திருவனந்தபுரத்திலிருந்து பாறசாலைக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பேருந்தும் இரயிலும் உள்ளன.

இவையனைத்தும் சட்டமும் வசதியும் பற்றியவை. இறுதியாக ஒன்று கூற விரும்புகிறோம். அன்பர் உரிமையோடு கேட்டமையால் நாமும் உரிமையோடு கூறுகிறோம். உம் தாயாரைக் கேட்டீரா? மெல்போர்னில் மேசைமேல் ஒயின் புட்டி வைப்பது மதிப்பின் அடையாளமாக இருக்கலாம். ஆனால் நம் எல்லையூர்களில் அம்மையார் எத்தனையோ பேருக்குப் புட்டியின் ஓசை வேறொன்றை நினைவூட்டும். கூலி முழுவதும் கடையிலே கரைந்த சனிக்கிழமைகள், அடகு போன தாலிக்கொடி, வாசலில் விளக்கேற்றிக் காத்திருந்த இரவுகள் ஆகியவற்றை அவர்கள் சொல்லாமல் தம்முள்ளே வைத்திருக்கின்றனர். உம் வீட்டில் அவ்வாறு நிகழ்ந்ததென்று நாம் கூறவில்லை, நாம் அறியோம். ஐம்பது ஆண்டு இல்வாழ்க்கையைக் கொண்டாடும் நாளில், கொண்டாடப்படுவோர்க்கு எது மகிழ்ச்சி என்று முன்னதாகக் கேட்டறிதல் மக்களின் கடன். மகன் தன் தந்தையாரோடு ஒரு கிண்ணம் பகிர விரும்புவதில் தவறில்லை. அதனைத் தாயார் கண்கலங்காமற் காணவேண்டும் என்பதே நம் விருப்பம். அவர் சிரித்துக்கொண்டே "ஆகட்டும்" என்பாராயின், திண்ணையில் அமர்ந்து மனநிறைவோடு பகிர்ந்து கொள்க.

அவர் வேண்டாமென்றால் வருந்த வேண்டுவதில்லை. டிசம்பரில் அக்கானி கிடைப்பது அரிது. அதற்குரிய பருவம் பங்குனி, சித்திரைத் திங்கள்கள். அடுத்த முறை அப்பருவத்தில் வருக. பிள்ளைகளை விடியலில் எழுப்பி, ஆளுக்கொரு தூக்குவாளியைக் கையிற் கொடுத்து, பனையடிக்கு அழைத்துச் செல்க. பட்டை பிடித்துக் குடிக்கும் முதல் வாய் அக்கானிக்கு எந்த மாநிலத்துக் காவலரும் தடை சொல்லார். பாட்டியும் உடன் வந்து நிற்பார்.

இதுபோன்று ஊர் திரும்பும்போது எழும் ஐயங்களை நேயர்கள் தொடர்ந்து எழுதுக. நாம் அறிந்தவரை விடை கூறுவோம்.