மலைமுகட்டுக் கணக்கு

சூத்திர நிலைகள் நான்கனுள் 'பருந்தின் வீழ்வு' என்பதனையும் ஒன்றாக வைத்தார் நன்னூலார். உயரத்தே வட்டமிடும் பருந்து, தான் வேண்டும் இரையை மட்டும் குறித்து இறங்கி, அதனைக் கவர்ந்து மீளும் இயல்பைக் கூர்ந்து நோக்கியவர்க்கே இத்தகைய உவமை வாய்க்கும். நோக்குதலின் பயனை இலக்கணத்தில் கண்ட நாம், நோக்குதலோடு எண்ணுதலும் சேர்ந்தால் விளையும் பயன் யாதென எண்ணிப் பார்த்தோமா? அதற்கு விடை கூறும் வரலாறு ஒன்று அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மலைமுகடுகளில் எழுதப்பட்டு வருகின்றது.

அப்பலாச்சிய மலைத்தொடரைச் சேர்ந்த கிட்டாட்டினி முகட்டில் 'ஹாக் மவுண்டன்', அதாவது பருந்து மலை, அமைந்துள்ளது. வீசும் காற்று நீண்ட மலைச்சரிவில் மோதி மேலெழுகின்றது. வலசை செல்லும் கழுகுகளும் பருந்துகளும் அக்காற்றின்மேல் சிறகை விரித்து, அசைக்காமலே நெடுந்தொலைவு கடக்கின்றன. வெயில் ஏறியபின் நிலத்திலிருந்து எழும் வெப்பக் காற்றும் அவற்றைத் தாங்குகின்றது. ஆற்றலைச் சேமிக்கும் இவ்வசதியினால் முகடு பறவைகளின் நெடுஞ்சாலையாயிற்று.

அந்நெடுஞ்சாலை ஒரு காலத்தில் கொலைக்களமாகவும் இருந்தது. இலையுதிர் காலத்தில் துப்பாக்கியேந்தி வந்தோர் பறவைகளைச் சுட்டுக் குவித்தனர். 1929 இல் கோஷாக் என்னும் வல்லூறு ஒன்றைக் கொன்றால் 5 டாலர் பரிசென்று மாநில வேட்டைத்துறையே அறிவித்திருந்தது. 1934 இல் ரோசலி எட்ஜ் என்னும் அம்மையார் அங்கே ஏறத்தாழ 1,400 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் புரூன் என்பாரையும் அவர்தம் துணைவியார் இர்மாவையும் காவலுக்கு அமர்த்தினார். புரூன் துப்பாக்கிகளைத் தடுத்ததோடு அமைந்தாரில்லை. கடந்து சென்ற பறவைகளை எண்ணி ஏட்டில் எழுதவும் தொடங்கினார். உலகப் போரினால் 1943 முதல் 1945 வரை நேர்ந்த இடையறவு நீங்கலாக, இலையுதிர் காலந்தோறும் அவ்வேடு வளர்ந்துவருகின்றது.

அவ்வேடு கூறிய உண்மை திடுக்கிடச் செய்வது. 1935 முதல் 1939 வரை அங்குக் கண்ட வெண்தலைக் கழுகுகளில் நூற்றுக்கு 40 இளம் பறவைகள். 1955 முதல் 1959 வரை அது நூற்றுக்கு 20 ஆகச் சுருங்கிற்று. 1957 இலோ, முதிர்ந்த கழுகுகள் 32க்கு ஓர் இளங்கழுகே காணப்பட்டது. முதியவை வானில் வட்டமிட்டவண்ணம் இருந்தமையால், வெறுமனே நோக்கியவர்க்குக் குறையேதும் புலப்பட்டிராது. எண்ணியவர்க்கே, அடுத்த தலைமுறை பிறக்கவில்லை என்பது புலப்பட்டது. ரேச்சல் கார்சன் அம்மையார் 1962 இல் வெளியிட்ட 'சைலண்ட் ஸ்பிரிங்' நூலில் இவ்வெண்களைச் சான்றாக வைத்தார். டி.டி.டி. நஞ்சினால் முட்டையோடு மெலிவது பின்னர்த் தெளிவாயிற்று. 1972 இல் அந்நாடு அம்மருந்தைத் தடை செய்தது. 2007 இல் வெண்தலைக் கழுகு அழிவுநிலைப் பட்டியலினின்று நீக்கப்பட்டது.

இங்கே ஒன்றை ஊன்றி நோக்குதல் வேண்டும். டி.டி.டி.யின் பூச்சிகொல்லும் ஆற்றல் கண்டறியப்பட்டதே 1939 இல்தான். ஏடோ 1934 இல் தொடங்கிவிட்டது. நஞ்சு பரவுமுன் சாட்சி அமர்ந்துவிட்டது என்பதே இதன் சிறப்பு. துன்பம் வந்தபின் தொடங்கும் கணக்கு, இழந்தது எவ்வளவு என்று கூற வல்லதன்று.

இலையுதிர் காலத்தில் பருந்து மலையைக் கடப்பவை ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 18,000. இளவேனிலில் வருபவை அதில் ஒரு சிறு பங்கே. அப்பருவத்தில் அவை ஒரே முகட்டில் குவியாது பரந்து செல்கின்றன. ஆகவே இளவேனிற் கணக்கினைச் சிலர் இரண்டாந்தரமாகக் கருதக்கூடும். அக்கருத்து எமக்கு உடன்பாடன்று. இலையுதிர் காலத்தில் தெற்கே செல்வன அவ்வாண்டு பிறந்த குஞ்சுகளும் சேர்ந்த கூட்டம். இளவேனிலில் வடக்கே மீள்வன, குளிரையும் பசியையும் நெடுவழி இடர்களையும் வென்று எஞ்சியவை. இனிக் கூடு கட்ட வேண்டியவையும் அவற்றுள்ளேயே உள்ளன. முன்னது வரவு, பின்னது இருப்பு. வரவை மட்டும் எழுதி இருப்பைப் பாராத வணிகர் உண்டோ?

அதே மாநிலத்து டசி மலைமுகட்டில் பிப்ரவரி இறுதியிலேயே இவ்விருப்புக் கணக்குத் தொடங்குகின்றது. பனி உருகாத அம்முகட்டில், கனடாவின் கியூபெக், லாப்ரடார் பகுதிகளை நோக்கிச் செல்லும் பொன்னிறக் கழுகுகளுக்காகத் தொண்டர்கள் மணிக்கணக்கில் நிற்கின்றனர். ஏப்ரலில் தென்னமெரிக்கா வரை சென்ற அகலச் சிறகுப் பருந்துகள் மீள்கின்றன. அவை சுழன்றேறும்போது எண்ணினால் கணக்குத் தவறும். உச்சியை எட்டி வரிசையாக வழுகிச் செல்லும்போதே எண்ணுகின்றனர். காற்றின் திசையையும் வானிலையையும் மணிதோறும் குறிக்கின்றனர். ஒன்றும் வராத மணிக்குச் சுழியம் இடுகின்றனர். அச்சுழியமே எமது மதிப்பில் ஏட்டின் நேர்மைக்கு உரைகல். காணாததைக் கண்டதாக எழுதாத கை எழுதிய எண்ணையே பிற்காலம் நம்பும்.

மலையைக் கடவாத பறவைகள் எத்தனையோ. ஒரு முகட்டுக் கணக்கு இனம் முழுமைக்கும் கணக்காகுமா என்று வினவலாம். ஆகாது, ஆக வேண்டுவதுமில்லை. அதே இடம், அதே பருவம், அதே முறை என்று பல்லாண்டு எண்ணும்போது ஏற்றமும் இறக்கமும் தாமே வெளிப்படும். நாடித்துடிப்பை எண்ணும் மருத்துவர் உடலின் குருதி முழுவதையும் அளப்பதில்லை.

இம்முயற்சியில் பெரும்பொருள் வேண்டுவதில்லை. வேண்டுவன பொறுமையும் நேர்மையும் தமக்குப் பின்னும் ஏட்டைத் தொடர ஆளை உருவாக்கும் அக்கறையுமே. இன்று எழுதும் எண் யாருக்குப் பயன்படும் என்பது எழுதுபவர்க்குத் தெரியாது. புரூனுக்கும் 1934 இல் தெரிந்திருக்கவில்லை. பருந்தின் வீழ்வை இலக்கணத்தார் கண்டது இரையின்மேல் இறங்குதலில். இம்முகட்டார் கண்டதோ ஓர் இனமே வீழ்கின்ற வீழ்வை. அவர்கள் கண்டதோடு நில்லாது எண்ணி வைத்தமையால் அவ்வீழ்வு மீட்சியாயிற்று. எண்ணி வைத்தலும் ஓர் அறமே என்பது எமது துணிபு.