அம்மாவுக்கும் ஃபீஸ் கட்டணும்



நம் இதழில் பிழை திருத்தும் சகோதரிக்கு 41 வயது. ஜூனில் மகனுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டிய கையோடு, இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தன்னுடைய பி.ஏ. இரண்டாம் ஆண்டுக்கும் கட்ட வேண்டியிருந்தது. "கட்டியாச்சாம்மா?" என்றேன். "கடைசித் தேதி வரைக்கும் பார்ப்போம் சார், அவனுக்கு ஷூ வாங்கணும்" என்றார்.

நம் ஊர் உதவித்தொகைகள் பெரும்பாலும் பதினெட்டு வயதுப் பிள்ளையை மனதில் வைத்துப் போட்டவை. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் தருகிறது. அருமையான திட்டம். ஆனால் தொலைநிலைக் கல்வியில் சேர்ந்தவருக்கு அதில் இடமில்லை. வருமான வரியின் பழைய முறையில் பிள்ளைகள் இருவரின் கல்விக் கட்டணத்தைக் கழித்துக்கொள்ளலாம். பெற்றவர் தனக்குக் கட்டியதைக் கழிக்க முடியாது. வங்கியில் கடன் வாங்கிப் படித்தால் வட்டிக்குச் சலுகை உண்டாம். கைக்காசில் படிப்பவருக்குத்தான் ஒன்றுமில்லை!

வழியே இல்லை என்று சொல்லவில்லை. இக்னோவில் சில படிப்புகளுக்குப் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குக் கட்டண விலக்கு உண்டு, சேரும்போதே கேட்டுவிடுங்கள். மூன்றாண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டுகள் வரை படித்து முடிக்கலாம் என்பதையும் நான் பண உதவியாகவே பார்க்கிறேன். பணம் புரளாத வருஷத்தில் கொஞ்சம் மூச்சுவிட்டுக்கொள்ளலாம் அல்லவா? மாதாமாதம் வரும் மகளிர் உரிமைத்தொகையைத் தொடாமல் சேர்த்துப் பரீட்சைக் கட்டணம் கட்டியதாக ஒரு வாசகி எழுதியிருந்தார். கடிதத்தைப் படித்ததும் எழுந்து நிற்கத் தோன்றியது.

கட்டணத்தையாவது எப்படியோ புரட்டிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வகுப்புதான் பெரிய செலவு. டவுன் பஸ் பெண்களுக்கு இலவசம், அதுவரை சரி. அன்றைக்குப் போகிற கூலியையும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பட்ட நன்றிக்கடனையும் எழுத எந்த விண்ணப்பத்திலும் கட்டம் இல்லை.

பிள்ளை பெற்ற பிறகு படித்தவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். பணத்துக்கு என்ன செய்தீர்கள்? நகையா, சீட்டா, மாமியாரா? எழுதுங்கள்.

சகோதரி கடைசி நாளில் கட்டிவிட்டார். டிசம்பரில் அவருக்குப் பரீட்சை. அந்த மாத இதழில் பிழை கூடுதலாகத் தென்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், திருத்தப்போவது நான்.

அன்புடன்,
ஆசிரியர்