இறைப்பற்றும் இறப்பச்சமும்

மார்க்கையன்கோட்டையை அடுத்த குச்சனூர்க் காரிக்கோயிலில், ஆடி மாதக் காரிக்கிழமைகளில் மக்கள் திரள்வது வழக்கம். வாழ்நாளை அளப்பவன் காரிக்கோள் என்பது அவர்தம் நம்பிக்கை. இறந்தபின் துறக்கம் உண்டு என்போரே இங்கு வாழ்நாள் நீட்டிக்க வேண்டுவது ஏன்?

உயிர்வாழ விழைதல் உடலின் இயற்கை, அது பழிக்கத்தக்கதன்று. ஆயின், அவ்வியற்கை அச்சத்தின்மேல் அளறு, தீவினை, மறுபிறவி என்னும் அச்சங்களையும் ஏற்றிவைத்தனர் சமயத்தின் பெயரால் பிழைப்போர். அவற்றுக்குக் கழுவாய் என்று, தமிழனுக்கு விளங்காத வடமொழி மந்திரங்களையும் விற்றனர். பொருள் விளங்காத ஒலி நெஞ்சைத் தேற்றுமா?

கணியன் பூங்குன்றனாரோ, புறநானூற்றின் 192ஆம் பாட்டில், சாவை வாழ்வின் இயல்பாகவே தூய தமிழில் உணர்த்தினார்.

தமிழர்களே! இனி நம் இறப்பு வீடுகளில் தமிழே ஒலிக்கட்டும். இறந்தார்க்கு அன்றெனினும், இருப்பார்க்கு அது துணையாகும்.